லிப்ஈவென்டில் 3 செக்கன் டைமர் போட்டவுடனேயே அடிக்கிறது, மறுபக்கச் சேர்வரில் கோளாறு இல்லை. ஏன்?

மழைக்காகம்:
எல்லோருக்கும் வணக்கம். புறக்கோட்டையில் சரக்கு ஏற்றும் லொறிகளில் பூட்டியிருக்கும் ஜிபிஎஸ் கருவிகளின் தரவை வாங்கும் சேர்வர் ஒன்று எங்களிடம் இருக்கிறது. சி மொழி, லிப்ஈவென்ட் 2.1 (பல இணைப்புகளை ஒரே லூப்பில் கவனிக்கும் லைப்ரரி), லினக்ஸ். எழுதியவர் வெளிநாடு போய்விட்டார், இப்போது அது என் தலையில். கருவி சிம் வழியாக எங்களோடு இணையும். நாங்கள் சிங்கப்பூரில் உள்ள இன்னொரு சேர்வருக்கு ஒரு இணைப்பைத் திறந்து தரவைத் தள்ளிவிடுவோம். அந்த இணைப்பு 3 செக்கனுக்குள் கிடைக்காவிட்டால் டைமர் அடித்து எல்லாவற்றையும் மூடும்.

காலை 8 மணியை ஒட்டி லொறிகள் கிளம்பும் நேரத்தில்தான் பிரச்சினை. டைமர் போட்ட வரியும் அது அடித்த வரியும் லொக்கில் ஒரே செக்கனுக்குள் விழுகின்றன. இரவில் இப்படி வருவதில்லை. என் லப்டொப்பில் இரண்டு பக்கத்தையும் ஓட்டிப் பார்த்தால் வரவே வராது. சிங்கப்பூர்ச் சேர்வருக்குக் கையால் இணைத்தால் உடனே கிடைக்கிறது. டைமருக்குக் கொடுக்கும் மதிப்பை அச்சிட்டுப் பார்த்தேன்: செக்கன் 3, மைக்ரோசெக்கன் 0. லிப்ஈவென்டிலேயே பக் இருக்கிறதா? அதே வேலை செய்யும் லிப்யூவி லைப்ரரிக்கு மாறச் சொல்லி அலுவலகத்தில் ஒருவர் நெருக்குகிறார்.

சுட்டிப்பிழை:
லைப்ரரியைக் குற்றம் சொல்வதற்கு முன் ஒன்று. கருவி இணைந்ததிலிருந்து டைமர் போடும் வரை அந்தக் கோல்பேக்குக்குள் (தரவு வந்ததும் லைப்ரரி அழைக்கும் உங்கள் ஃபங்ஷன்) என்னென்ன நடக்கிறது? வரிசையை மட்டும் சொல்லுங்கள், முழுக் கோடும் வேண்டாம்.

மழைக்காகம்:
முதல் பொட்டலத்தில் கருவியின் இலக்கம் வரும், அதைப் பட்டியலில் தேடுவோம். பிறகு சிங்கப்பூர்ச் சேர்வரின் பெயரை கெட்-அட்ர்-இன்ஃபோ மூலம் முகவரியாக்குவோம். பிறகு சொக்கெட் திறந்து அதைத் தடுக்காத நிலைக்கு (அழைப்பு காத்து நிற்காமல் உடனே திரும்பும் நிலை) மாற்றி, டைமரைச் சேர்த்து, கனெக்ட் அழைப்போம். அவ்வளவுதான்.

நூல்கண்டு:
ஒவ்வொரு கருவிக்கும் ஒரு த்ரெட் (தனியாக ஓடும் வேலை இழை) கொடுத்து எழுதியிருந்தால் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. படிக்கிறபோதே விளங்கும் கோட். சில நூறு லொறிகளுக்கு எதற்கு இந்த ஈவென்ட் லூப் வித்தையெல்லாம்?

கொட்டாஞ்சேனை அக்கா:
நூல்கண்டு, சில நூறுக்கு த்ரெட் தாங்கும், மறுக்கவில்லை. ஆனால் தம்பி கேட்டது அது இல்லையே.

தம்பி, அந்த கெட்-அட்ர்-இன்ஃபோதான் ஆள். அது பதில் வரும் வரை நிற்கும் அழைப்பு. அது நிற்கும்போது உம்முடைய முழு லூப்பும் நிற்கிறது. இது பலருக்கும் தெரிந்த விஷயம். பலர் கவனிக்காதது அடுத்தது.

லிப்ஈவென்ட், ஒவ்வொரு டைமர் போடும்போதும் கேர்னலிடம் (இயங்குதளத்தின் மையம்) போய் நேரம் கேட்பதில்லை. ஈபோல் (சொக்கெட் அசையும் வரை காத்திருக்கும் லினக்ஸ் அழைப்பு) தூக்கத்திலிருந்து எழும்பியவுடன் ஒரு தடவை நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, அந்தச் சுற்றின் கோல்பேக்குகள் எல்லாம் முடியும் வரை அதையே "இப்போது" என்று பாவிக்கும். கோல்பேக்குகள் சில மைக்ரோசெக்கனில் முடிந்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. உம்முடையது பெயர் தேடுவதில் 5 செக்கன் நின்றது என்று வைத்துக்கொள்ளும். அதன் பிறகு நீர் "3 செக்கன்" என்று டைமர் சேர்க்கிறீர். லைப்ரரி அதை 5 செக்கன் பழைய "இப்போது"டன் கூட்டுகிறது. அதாவது அந்த டைமருடைய கெடு, போடும் கணத்திலேயே 2 செக்கனுக்கு முன் முடிந்துபோன கெடு. லூப் அடுத்த தடவை எழும்பி நேரத்தைப் புதுப்பித்தவுடன் அடிக்கும்.

இரவில் ஏன் வரவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. எவ்வளவு நேரம் தூங்கலாம் என்ற கணக்கையும் லூப் அதே பழைய நேரத்தை வைத்துத்தான் போடுகிறது. வேறு சொக்கெட் ஒன்றும் அசையாவிட்டால் 3 செக்கன் தூங்கிவிட்டுத்தான் எழும்பும். அதற்குள் இணைப்பு கிடைத்துவிடும். காலையில் மற்ற லொறிகளின் தரவு வரிசையில் நிற்பதால் உடனே எழும்புகிறது, உடனே அடிக்கிறது.

லப்டொப்பில் ஏன் வராது என்றால், அங்கே கனெக்ட் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதே சுற்றில் சொக்கெட் ஈவென்ட் முதலில் நடந்து உம்முடைய கோட் டைமரை நீக்கிவிடும். சிங்கப்பூருக்குப் போய்வரச் சில பத்து மில்லி செக்கன் ஆகும், அந்த இடைவெளியில் டைமர் முந்திவிடுகிறது.

சேர்வரில் உள்ள ரிசோல்வ் அமைப்புக் கோப்பைத் திறந்து பாரும். முதல் நேம்சேர்வர் (பெயரை முகவரியாக்கித் தரும் சேர்வர்) உயிரோடு இருக்கிறதா?

மழைக்காகம்:
அக்கா, இல்லை! முதல் வரியில் இருப்பது பழைய அலுவலக ரவுட்டரின் முகவரி. வெள்ளவத்தைக்கு மாறி வரும்போது அந்த ரவுட்டரைக் கழற்றியாயிற்று. இரண்டாவது வரியில் உள்ளது வேலை செய்கிறது, அதனால்தான் பெயர் கிடைக்கிறது, ஆனால் பிந்திக் கிடைக்கிறது.

சுட்டிப்பிழை:
அக்கா சொன்ன 5 செக்கன் எங்கிருந்து வந்தது என்று யோசிப்பவர்களுக்கு: ஜிலிப்சி (லினக்ஸின் சி லைப்ரரி) ஒரு நேம்சேர்வருக்குக் காத்திருக்கும் இயல்பு நேரம் 5 செக்கன், முயற்சி 2. முதலாவது பேசாவிட்டால் 5 செக்கன் கழித்துத்தான் இரண்டாவதிடம் கேட்கும். 3 செக்கன் டைமரைக் கொல்ல அது தாராளம்.

அந்த வரியை நீக்கினால் பிரச்சினை மறைந்துவிடும், ஆனால் தீராது. அடுத்த நேம்சேர்வர் படுக்கும் நாளில் திரும்ப வரும். பெயர் தேடுவதை லூப்போடு சேர்த்து நடத்துங்கள். லிப்ஈவென்டிலேயே ஈவிடிஎன்எஸ் என்ற, நிற்காமல் பெயர் தேடும் பகுதி இருக்கிறது. பஃபர் ஈவென்டுக்கு (சொக்கெட்டையும் அதன் வாசிப்பு, எழுத்து இடையகங்களையும் சேர்த்து வைத்திருக்கும் பொருள்) முகவரிக்குப் பதில் பெயரையே கொடுத்து இணைக்கச் சொல்லும் அழைப்பும் இருக்கிறது, அதற்கு ஈவிடிஎன்எஸ் அடித்தளத்தைக் கொடுத்தால் தேடல் நிற்காமல் நடக்கும். கொடுக்காமல் வெறுமையாக விட்டால் அதுவும் நின்று தேடும், கவனம். 2.1 இல் குறித்து வைத்த நேரத்தைக் கையால் புதுப்பிக்கும் அழைப்பு ஒன்றும் உண்டு. டைமருக்கு முன் அதைப் போட்டால் டைமர் சரியாக ஓடும், ஆனால் மற்ற லொறிகள் 5 செக்கன் காத்திருப்பது அப்படியே இருக்கும்.

லிப்யூவிக்கு மாறினாலும் இதே கதைதான், அலுவலகத்தில் சொல்லுங்கள். அங்கேயும் லூப்பின் நேரம் குறித்து வைத்த நேரம், அங்கேயும் புதுப்பிக்கத் தனி அழைப்பு. லிப்ஈவி என்ற இன்னொரு லைப்ரரியும் அப்படியே. மூன்றும் ஒரே காரணத்துக்காகத்தான் இப்படிச் செய்கின்றன: ஒரு சுற்றில் ஆயிரம் டைமர் போட்டால் ஆயிரம் தடவை நேரம் கேட்க வேண்டாம் என்று. லிப்யூவியில் பெயர் தேடும் அழைப்பு பின்னால் த்ரெட் தொகுதியில் ஓடுவது மட்டும் வசதி. அதுவும் இயல்பாக 4 த்ரெட்தான். அதில் பெயர் தேடலுக்கு ஒரே நேரத்தில் இரண்டுதான் கிடைக்கும், இரண்டும் செத்த நேம்சேர்வரைப் பார்த்துக்கொண்டு நின்றால் மூன்றாவது தேடல் வரிசையில் நிற்கும்.

ராமகிருஷ்ணா ரோட்:
இடையில் ஒரு கேள்வி, தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகினால் மன்னிக்கவும். 2006 ஏப்ரலில் இலங்கை நேரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்குக் கொண்டுபோய் பழையபடி 5.30 ஆக்கினார்கள் அல்லவா? அப்படி ஒன்று திரும்ப நடந்தால் இந்த டைமர்கள் எல்லாம் என்னவாகும்?

கொட்டாஞ்சேனை அக்கா:
ஒன்றும் ஆகாது. நேர வலயம் மாறினால் திரையில் காட்டும் எழுத்துத்தான் மாறும், கேர்னல் எண்ணும் செக்கன் மாறாது. ஆனால் நேர வலயத்தை மாற்றாமல் கடிகாரத்தையே கையால் அரை மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் எண்ணும் செக்கனையே மாற்றுகிறார்கள். சுவர்க் கடிகார நேரத்தை வைத்துக் கெடு கணக்கிடும் புரோகிராமில் அப்போது 3 செக்கன் டைமர் அரை மணித்தியாலமும் 3 செக்கனும் கழித்து அடிக்கும். அதற்காகத்தான் லிப்ஈவென்ட் முன்னோக்கி மட்டுமே ஓடும் மொனொட்டோனிக் கடிகாரத்தைப் பாவிக்கிறது. உம்முடைய சொந்தக் கோடில் "கடைசியாகத் தரவு வந்த நேரம்" என்று ஏதாவது வைத்திருந்தால் அதையும் அந்தக் கடிகாரத்திலிருந்தே எடும். லொக்கில் எழுதத்தான் சுவர் நேரம்.

சுட்டிப்பிழை:
நேரம் என்று வந்ததால் ஒரு வேடிக்கை. லிப்ஈவென்டின் ஈபோல் கோப்பில் ஒரே தூக்கத்துக்கு 35 நிமிடம் உச்சவரம்பு என்று ஒரு எண் இருக்கும். பழைய கேர்னல்களில் ஈபோலுக்கு மிகப் பெரிய எண்ணைக் கொடுத்தால் கணக்குத் தப்பிவிடும். பாதுகாப்பான உச்சம் 2147482 மில்லி செக்கன். அதில் 47 செக்கனைக் கழித்தால் ஏறக்குறைய 35 நிமிடம். கழித்ததற்குக் காரணம் எண் உருண்டையாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான்.

மழைக்காகம்:
ஈவிடிஎன்எஸ்ஸுக்கு மாற்றிவிட்டேன், முன்கூட்டி அடிப்பது நின்றுவிட்டது. நன்றி அக்கா, சுட்டிப்பிழை.

இன்னொரு விஷயம். சில கருவிகள் "இணைந்திருக்கிறது" என்றே பலகையில் காட்டுகின்றன, ஆனால் லொறி எங்கேயோ கரண்ட் இல்லாத இடத்தில் அல்லது சிக்னல் இல்லாத இடத்தில் மணிக்கணக்காக நிற்கிறது. சொக்கெட்டில் எந்தப் பிழையும் வருவதில்லை. கருவி திரும்ப உயிர் பெற்றதும் புதிய இணைப்பு ஒன்று வருகிறது, பழையதும் அப்படியே தொங்குகிறது. கீப்அலைவ் (சும்மா இருக்கும் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று கேர்னல் விசாரிக்கும் வசதி) போட்டிருக்கிறேன்.

தெமட்டகொடை ரவுட்டர்:
இது என் பக்கம். கீப்அலைவ் போட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். லினக்ஸில் இயல்பு மதிப்பு என்ன தெரியுமா? இணைப்பு 7200 செக்கன் சும்மா இருந்தால்தான் முதல் விசாரிப்பு போகும். அதாவது 2 மணித்தியாலம். அதன் பிறகு 75 செக்கனுக்கு ஒன்றாக 9 விசாரிப்பு. எல்லாம் பதிலில்லாமல் போய்த்தான் இணைப்பு செத்தது என்று கேர்னல் ஒத்துக்கொள்ளும்.

லொறிக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பதையும் யோசியுங்கள். மொபைல் சிம்முக்குப் பெரும்பாலும் சொந்தப் பொது முகவரி கிடைப்பதில்லை, 100.64 முதல் 100.127 வரையான தொகுதியில் பகிர்வு முகவரி ஒன்றைக் கொடுத்து, வெளியே போகும்போது நாட் (முகவரி மாற்றும் பெட்டி) மாற்றிக் கொடுக்கும். அந்த நாட் பெட்டி ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு வரி எழுதி வைத்திருக்கும், சும்மா கிடந்தால் அழித்துவிடும். ஆர்எஃப்சி 5382 என்ற இணையத் தர ஆவணத்தின் படி நிலைபெற்ற டிசிபி இணைப்பை 2 மணித்தியாலம் 4 நிமிடத்துக்கு முன் அழிக்கக் கூடாது. மொபைல் வலையமைப்புகளில் அதை நம்பி எழுதாதீர்கள், சில நிமிடத்தில் அழிப்பதும் நடக்கும். வரி அழிந்த பிறகு இரண்டு பக்கமும் இணைப்பு இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருக்கும். விடைபெறும் பொட்டலம் யாரும் அனுப்பவில்லை, ஆகவே சொக்கெட்டில் பிழையும் வராது.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது கோபுரங்களின் பேட்டரி தீர்ந்து அணைந்தால் நடந்ததும் இதுதான்: கருவியின் பக்கம் சத்தமில்லாமல் போய்விடும்.

நூல்கண்டு:
அப்படியானால் கீப்அலைவ் நேரத்தை 60 செக்கனாகக் குறைத்தால் சரிதானே? சொக்கெட்டுக்குச் சொக்கெட் மாற்றலாம்.

தெமட்டகொடை ரவுட்டர்:
மாற்றலாம், மாற்றவும் வேண்டும். ஆனால் ஓட்டை ஒன்று உண்டு. நீங்கள் அனுப்பிய தரவுக்கு ஒப்புதல் வராமல் நிலுவையில் இருந்தால் கீப்அலைவ் ஓடாது; அங்கே திரும்ப அனுப்பும் கணக்கு ஓடும். அது லினக்ஸின் இயல்பில் 15 தடவை, குறைந்தது 924 செக்கன், கால் மணித்தியாலத்துக்கு மேல். சேர்வர் கருவிக்குக் கட்டளை அனுப்புகிற வகை என்றால் நேரே இதில் மாட்டுவீர்கள். அதற்கு டிசிபி யூசர் டைம்அவுட் என்ற தெரிவு இருக்கிறது, 2.6.37 கேர்னலில் இருந்து.

இன்னும் ஒன்று. கீப்அலைவுக்குப் பதில் சொல்வது மறுபக்கத்தின் கேர்னல். கருவிக்குள் இருக்கும் புரோகிராம் உறைந்துபோனாலும் கேர்னல் "இருக்கிறேன்" என்றுதான் சொல்லும். கருவியே நிமிடத்துக்கு ஒரு சின்னப் பொட்டலம் அனுப்பட்டும், நீங்கள் வாசிப்பு டைம்அவுட்டை அதன் மூன்று மடங்கு வையுங்கள்.

கொட்டாஞ்சேனை அக்கா:
ரவுட்டர் அண்ணை சொன்ன வாசிப்பு டைம்அவுட்டில் ஒரு குழி இருக்கிறது தம்பி. பஃபர் ஈவென்டில் வாசிப்பு டைம்அவுட் அடித்தால், லைப்ரரி உமக்குச் சொல்வதோடு நிற்காமல் அந்தப் பக்கத்து வாசிப்பையும் நிறுத்திவிடும். லொக்கில் ஒரு வரி எழுதிவிட்டுச் சும்மா திரும்பினீர் என்றால் அந்த இணைப்பு அதன் பிறகு காது கேளாது. தரவு வரும், கேர்னலின் இடையகம் நிறையும், உம்முடைய கோல்பேக் வராது. மூடுவதென்றால் மூடும், தொடர்வதென்றால் வாசிப்பைத் திரும்ப இயக்கும். உம்முடைய கோடில் இப்போது என்ன இருக்கிறது?

மழைக்காகம்:
லொக்கில் எழுதிவிட்டுத் திரும்புகிறது. டைம்அவுட் 10 நிமிடம். சில கருவிகள் சிக்னல் வந்த பிறகும் பேசாமல் இருந்தது ஏன் என்று இப்போது விளங்குகிறது.

கொட்டாஞ்சேனை அக்கா:
ஓம், அதுதான். இன்னொன்று: எழுதும் டைம்அவுட், எழுத ஏதாவது இருந்தால்தான் ஓடும். வாசிப்பு டைம்அவுட்டைப் போல அது சும்மா எண்ணிக்கொண்டிருக்காது. இணைப்பு தொடங்குவதற்கு முன்பே போட்டுவிட்டால் கனெக்ட் முடியாமல் இழுபடுவதையும் அதுவே பிடிக்கும், தனி டைமர் தேவையில்லை. அது இல்லாவிட்டால் பதிலே சொல்லாத முகவரிக்கு 6.5 க்கு முந்திய லினக்ஸ் கேர்னல் 6 தடவை திரும்ப முயன்று 127 செக்கன் எடுக்கும்: 1, 2, 4 என்று இரட்டித்துக்கொண்டே 64 வரை கூட்டிப் பாரும்.

ராமகிருஷ்ணா ரோட்:
ஒவ்வொரு பொட்டலம் வரும்போதும் டைமரைத் தள்ளிவைப்பது சேர்வருக்குப் பாரம் இல்லையா? பல்லாயிரம் இணைப்பு என்றால்?

சுட்டிப்பிழை:
லிப்ஈவென்ட் 1.4 இல் இருந்து டைமர்களை மின்-ஹீப்பில் (முதலில் முடியும் கெடு எப்போதும் உச்சியில் இருக்கும் அமைப்பு) வைக்கிறது, முன்பு சிவப்பு-கறுப்பு மரம். தள்ளிவைக்கும் வேலை டைமர் எண்ணிக்கையின் மடக்கை அளவுதான், சில நூறு லொறிக்கு அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். பல்லாயிரம் என்றால் இரண்டு வழி. எல்லா இணைப்புக்கும் ஒரே அளவு டைம்அவுட் என்றால் லிப்ஈவென்ட் 2.0 இல் வந்த பொது டைம்அவுட்டைப் பாவியுங்கள். ஒரே அளவு என்றால் பிந்திச் சேர்ந்தது பிந்தித்தான் முடியும், ஆகவே ஹீப் தேவையில்லை, வரிசையின் வாலில் ஒட்டினால் போதும்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது. பொட்டலம் வரும்போது டைமரைத் தொடவே வேண்டாம், "கடைசி நேரம்" என்ற மாறியை மட்டும் மாற்றுங்கள். டைமர் அடிக்கும்போது மாறியைப் பார்த்து, மிச்சம் இருந்தால் அந்த மிச்சத்துக்கு மட்டும் திரும்பப் போடுங்கள். நிமிடத்துக்கு ஆயிரம் பொட்டலம் வந்தாலும் டைமர் வேலை ஒன்றோ இரண்டோதான்.

நூல்கண்டு:
இதுவரை படித்ததில் த்ரெட்டே மேல் என்ற என் எண்ணம் இன்னும் உறுதியாகிறது. ஆனால் அந்தக் கடைசி வழி அழகு, ஒத்துக்கொள்கிறேன்.

மழைக்காகம்:
வாசிப்பு டைம்அவுட் அடித்தால் இணைப்பை மூடும்படி மாற்றினேன். இப்போது எப்போதாவது ஒரு தடவை செக்மென்டேஷன் ஃபோல்ட் (மெமரிப் பிழையால் புரோகிராம் விழுவது) வருகிறது. வல்கிரைண்ட் என்ற மெமரி சோதிக்கும் புரோகிராமில் ஓட்டினால், விடுவித்த மெமரியை ஒரு டைமர் கோல்பேக் வாசிக்கிறது என்கிறது.

சுட்டிப்பிழை:
கருவிக்கான ஸ்ட்ரக்டுக்குள் (அதன் விவரங்களைச் சேர்த்து வைக்கும் மெமரித் துண்டு) பஃபர் ஈவென்ட் ஒன்று, தனி டைமர் ஒன்று, இரண்டும் அதே ஸ்ட்ரக்டைத்தான் சுட்டுகின்றன, சரியா? பஃபர் ஈவென்டை விடுவித்தால் அதன் சொந்த டைம்அவுட்டுகள் மட்டும் போகும். நீங்கள் தனியே போட்ட டைமர் ஹீப்பில் அப்படியே இருக்கும், கெடு வந்ததும் இல்லாத ஸ்ட்ரக்டைத் தேடிப் போகும். மூடும் வேலை முழுவதையும் ஒரே ஃபங்ஷனுக்குள் கொண்டுவாருங்கள்: முதலில் டைமர், பிறகு பஃபர் ஈவென்ட், கடைசியில் ஸ்ட்ரக்ட். எந்தக் கோல்பேக்கும் தானாக ஃப்ரீ அழைக்கக் கூடாது. லிப்ஈவென்டில் டைமரை அதன் சொந்தக் கோல்பேக்குக்குள்ளேயே விடுவிக்கலாம், பயமில்லை. லிப்யூவியில் அப்படிச் செய்ய முடியாது. அங்கே மூடுவது உடனே நடக்காது, மூடி முடிந்த கோல்பேக் வந்த பிறகுதான் மெமரியைத் தொடலாம். மாறச் சொல்லும் உங்கள் அலுவலக நண்பருக்கு இதையும் சொல்லி வையுங்கள்.

மழைக்காகம்:
ஒரே ஃபங்ஷன் ஆக்கியாயிற்று, வல்கிரைண்ட் இப்போது அமைதி. பயன்படாத தனி டைமரையும் எடுத்துவிட்டு எழுதும் டைம்அவுட்டுக்கு மாறினேன்.

தெமட்டகொடை ரவுட்டர்:
நல்லது தம்பி. கருவி பக்கத்துக் கோடும் உங்கள் கையில் என்றால் ஒன்று செய்யுங்கள். ஒரு கோபுரம் திரும்ப உயிர் பெறும்போது அந்தப் பகுதிக் கருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் உங்கள் கதவைத் தட்டும். தோற்றால் 2 செக்கன், 4, 8 என்று இடைவெளியைக் கூட்டச் சொல்லுங்கள். அதோடு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தற்செயல் நேரத்தையும் சேருங்கள், இல்லாவிட்டால் எல்லாம் ஒன்றாகவே கூட்டிக்கொண்டு ஒன்றாகவே வரும். சேர்வரில் லிசனருக்குக் கொடுத்த பேக்லொக் (ஏற்கப்படக் காத்திருக்கும் இணைப்புகளின் வரிசை அளவு) எவ்வளவு?

மழைக்காகம்:
16 என்று இருக்கிறது அண்ணை. 1024 ஆக்கட்டுமா?

தெமட்டகொடை ரவுட்டர்:
ஆக்குங்கள், ஆனால் கேர்னலின் சோமேக்ஸ்கொன் (அந்த வரிசைக்கு உச்சவரம்பு) மதிப்பையும் பாருங்கள். 5.4 இல் இருந்துதான் அதன் இயல்பு 4096. அதற்கு முந்திய கேர்னல் என்றால் 128, நீங்கள் 1024 கேட்டாலும் சத்தமில்லாமல் 128 ஆக வெட்டிவிடும்.

மழைக்காகம்:
உபுண்டு 18.04, கேர்னல் 4.15. 128தான் காட்டுகிறது. இரண்டையும் இன்றிரவு லொறிகள் நின்ற பிறகு மாற்றிவிட்டுச் சேர்வரைத் திரும்ப ஓட்டுகிறேன்.